இல்ஃபோர்ட் தகட்டில் விழுந்த கோடு

கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டில், ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ரோடன் தெரு இருக்கிறது. இன்று அங்கே ஒரு பெரிய பல்பொருள் அங்காடி. 1976 வரை அந்த மனையில் இயங்கியது வேறொன்று: உலகமெங்கும் ஒளிப்படக்காரர்களின் கைக்குத் தகடும் பிலிமும் அனுப்பிக்கொண்டிருந்த இல்ஃபோர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை. ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும், பிலிம் டப்பாவின் மேல் அச்சிட்ட அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

1879-இல் ஆல்ஃபிரட் ஹார்மன் என்பவர் கிரான்புரூக் சாலையில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய தொழில் அது. அன்று இல்ஃபோர்ட் எசெக்ஸ் மாவட்டத்துச் சிற்றூர். லண்டனின் புகையும் தூசியும் அங்கே எட்டாததால்தான் ஹார்மன் அந்த ஊரைத் தேர்ந்தார் என்பார்கள். காரணம் எளியது. ஈரம் காயாத ஒளியுணர் பசையின் மேல் விழும் ஒரு தூசித் துகள், நாளை எடுக்கப்படும் படத்தில் ஒரு புள்ளியாக நிற்கும். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும். தகவலுக்கும் இரைச்சலுக்கும் நடக்கும் போராட்டம் இல்ஃபோர்டில் முதல் நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. அந்தப் போராட்டத்தின் ஒரு கட்டத்தில் கல்கத்தாவின் ஓர் இளம் பெண் விஞ்ஞானியும் இருந்தார். தகவல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவருடைய கதையை விட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

முதலில் தகட்டைப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளி புரோமைடு மணிகள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கும். ஒளியோ மின்னூட்டம் கொண்ட துகளோ ஒரு மணியைத் தாக்கினால் அதனுள் சில வெள்ளி அணுக்கள் விடுபட்டு ஒன்று சேரும். அந்த நிலையில் தகட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. டெவலப்பர் கரைசலில் இட்டதும், தாக்கப்பட்ட மணி முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறிவிடும். தாக்கப்படாதது அப்படியே நின்று பின்னர் கழுவப்பட்டுப் போகும். சில அணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு தடம், கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட கறுப்பு மணியாகப் பெருகிவிடுகிறது. அரைகுறையாகக் கறுத்த மணி என்று ஏறக்குறைய ஒன்று கிடையாது. கறுத்தது அல்லது கறுக்காதது, இரண்டில் ஒன்று. கணினி என்ற சொல்லே புழங்காத காலத்தில், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் கோடிக்கணக்கான சிறு சாட்சிகளைக் கண்ணாடியில் பூசி விற்றுக்கொண்டிருந்தது இல்ஃபோர்ட்.

முகங்களையும் திருமணங்களையும் பதிப்பதற்கென்று செய்த தகட்டை வானத்தை நோக்கித் திருப்பியவர்களில் முக்கியமானவர் வியன்னாவின் மரியெட்டா பிளாவ். அவரும் ஹெர்த்தா வாம்பாகரும் இன்ஸ்புருக் அருகே சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். 1937-இல் அவற்றில் விண்மீன் போன்ற வடிவங்கள் தெரிந்தன. விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் ஒன்று அணுக்கருவை உடைக்க, சிதறல்கள் நாலாபக்கமும் ஓடிய தடங்கள் அவை. அடுத்த ஆண்டே ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கினார். யூதரான பிளாவ் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அவர் காட்டிய வழி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. போஸ் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் தேவேந்திர மோகன் போஸ், தம் ஆய்வு மாணவி பிபா சவுத்ரியுடன் சேர்ந்து இல்ஃபோர்ட் தகடுகளை மலைகளுக்கு ஏற்றினார். டார்ஜிலிங், அதற்கும் மேலே சந்தக்ஃபூ, திபெத்தின் ஃபாரி ஜோங். மாதக்கணக்கில் வெட்டவெளியிலும், நீருக்கு அடியிலும், ஈயத்துக்கு அடியிலும் வைத்தெடுத்த தகடுகளைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கறுத்த மணிகள் வரிசையாக நின்றன. துகள் ஒன்று ஓடிய வழி.

அந்த வரிசையிலிருந்து துகளின் எடையை எப்படி அறிவது? கனமான துகள் பசைக்குள் ஏறக்குறைய நேராக ஓடும். இலேசானது அணுக்கருக்களுக்குப் பக்கத்தில் செல்லும்போதெல்லாம் சற்றே விலகி வளைந்து வளைந்து போகும். மணிகளுக்கு இடையிலான தூரமும் மாறும். இந்த வளைவையும் இடைவெளியையும் அளந்து, தாங்கள் கண்டவற்றில் பல புரோட்டானை விட இலேசானவை, எலக்ட்ரானைப் போல் சராசரியாக 200 மடங்கு எடை கொண்டவை என்று போஸும் சவுத்ரியும் கணக்கிட்டார்கள். 1940 முதல் 'நேச்சர்' இதழில் அவர்களின் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன.

ஆனால் கையில் இருந்தது 'ஹாஃப்டோன்' எனப்படும் வகைத் தகடு. அதில் மணிகள் அடர்த்தி குறைவு, உணர்திறனும் குறைவு. நல்ல தகடு தேவைப்பட்ட நேரத்தில் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவில் அவை கிடைக்கவில்லை. ஒரு கோட்டில் இருபது மணி இருக்க வேண்டிய இடத்தில் நான்கே இருந்தால் அது வளைகிறதா, மணிகள் தற்செயலாக அப்படி அமைந்தனவா என்று யார் சொல்ல முடியும்? வந்து விழுந்தவை ஒரே வகைத் துகளா, இரண்டு வகையா என்று பிரித்தறியவும் வழியில்லை. ஆய்வு அந்த இடத்தில் நின்றது. சவுத்ரி 1945-இல் மான்செஸ்டருக்குப் போய் பாட்ரிக் பிளாக்கெட்டிடம் வேறொரு ஆய்வைத் தொடங்கினார்.

அதே நேரத்தில் பிரிட்டனில் இன்னொரு திருப்பம். போர் முடிந்ததும் அணுக்கரு ஆய்வுக்கென்றே பசை செய்ய முயற்சி தொடங்கியது. இல்ஃபோர்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் செசில் வாலர், ஜெலட்டினோடு ஒப்பிட வெள்ளி புரோமைடின் பங்கு பல மடங்கு கூடிய பசையை உருவாக்கினார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் செசில் பவலும் இத்தாலியரான ஜியூசெப்பே ஒக்கியாலினியும் அந்தத் தகடுகளைப் பைரனீஸ் மலையின் பிக் டு மிடி உச்சிக்கு அனுப்பினார்கள். பிறகு பிரேசிலைச் சேர்ந்த இளைஞர் செசார் லாட்டஸ் அவற்றைப் பொலிவியாவின் சக்கால்தாயா மலையில் 5,000 மீட்டருக்கு மேல் கொண்டு வைத்தார்.

பிரிஸ்டலில் நுண்ணோக்கிகளின் முன் பெண்கள் வரிசையாக அமர்ந்து, தகட்டின் ஒவ்வொரு நூலிழை அகலத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலோர் இயற்பியல் படித்தவர்கள் அல்ல. 1947-இல் அவர்களில் ஒருவரான மரியெட்டா குர்ஸின் கண்ணில் ஒரு விசித்திரம் பட்டது: ஒரு துகள் ஓடி வந்து நிற்கிறது, நின்ற இடத்திலிருந்து இன்னொரு துகள் புறப்படுகிறது. பிறகு அது போன்ற தடங்கள் மேலும் மேலும் கிடைத்தன. இரண்டாவது துகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் தூரம் ஓடி நின்றது. இந்த மாறாத நீளம்தான் திறவுகோல். நீளம் மாறவில்லை என்றால் புறப்பட்ட ஆற்றலும் மாறவில்லை. அப்படியானால் முதல் துகள் அழிந்து இரண்டே துகள்களாகப் பிரிகிறது என்று பொருள். எலக்ட்ரானின் 273 மடங்கு எடை கொண்ட பை-மீசான், 207 மடங்கு எடை கொண்ட மியூவானாக மாறும் நிகழ்வு அது. 1950-இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிபா சவுத்ரிக்குக் கிடைக்காமல் போன பரிசைப் பற்றியே இந்தக் கதையை இப்போது பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைவிட ஆழமான ஒன்று அதில் இருக்கிறது. வானம் ஒன்றே. இமயத்தில் விழுந்த மீசானும் ஆண்டீஸில் விழுந்த மீசானும் ஒன்றே. தகட்டின் மேல் இருந்த நிறுவனப் பெயரும் ஒன்றே. கேள்வியும் சரியாகவே கேட்கப்பட்டிருந்தது. போஸும் சவுத்ரியும் கையாண்ட முறையின் அடிப்படை சரியானதுதான் என்று பவலும் அவருடைய சக ஆசிரியர்களும் 1959-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்கள். வேறுபட்டது ஒன்றே ஒன்று: ஒரு மில்லிமீட்டர் கோட்டில் எத்தனை ஆம்–இல்லைகளைப் பதிக்க முடியும் என்பது.

பவலின் குழு அறிவித்ததற்கு மறு ஆண்டு, 1948-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் இந்த எண்ணிக்கைக்கு ஒரு கணக்கியலைத் தந்தார். ஷானன் அக்கறை கொண்டது தொலைபேசிக் கம்பியைப் பற்றி. மீசானைப் பற்றி அல்ல. ஒரு செய்தியின் பொருள் என்ன என்ற கேள்வியை அவர் துணிந்து ஒதுக்கி வைத்தார். அனுப்பக்கூடிய செய்திகள் எத்தனை, அவற்றில் எது வந்தது என்று கண்டுபிடிக்க எத்தனை ஆம்–இல்லைக் கேள்விகள் போதும் என்பதை மட்டும் அளந்தார். அதன் அலகுதான் பிட். எட்டு சாத்தியங்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க மூன்று கேள்வி, மூன்று பிட். எதிர்பார்த்ததே வந்தால் அதில் தகவல் குறைவு. எதிர்பாராதது வந்தால் அதிகம். அதோடு, எந்த வழித்தடத்துக்கும் இரைச்சலைப் பொறுத்து ஓர் உச்ச வரம்பு உண்டு என்றும், அந்த வரம்புக்குள் நின்றால் பிழையை விரும்பிய அளவு குறைக்கலாம் என்றும் நிறுவினார்.

அந்த வரம்பை இல்ஃபோர்ட் இன்னொரு தொழிற்சாலையிலும் சந்தித்திருக்கிறது. விகாரேஜ் லேனில் இருந்த பிளெஸ்ஸி நிறுவனம் ஜான் லோகி பெயர்டின் 'டெலிவைசர்' எனும் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்து கொடுத்தது. 1930 வாக்கில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டியில் படம் முப்பதே கோடுகளால் ஆனது. நொடிக்குப் பன்னிரண்டரை படங்கள். ஒரு முகம் தெரியும், இரண்டு முகம் சேர்ந்தால் தடுமாறும். பெயர்டுக்குத் திறமை போதாமல் அப்படி ஆகவில்லை. பாட்டும் பேச்சும் போவதற்கென்று இருந்த வானொலி அலைவரிசைக்குள் அசையும் படத்தை நுழைக்க வேண்டியிருந்தது; அதற்குள் அவ்வளவுதான் அடங்கும்.

இல்ஃபோர்டில் வசிக்கும் எவரும் தினமும் எழுதும் அஞ்சல் குறியீட்டிலும் ஷானனின் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஐஜி என்று தொடங்கும் அந்தக் குறியீட்டின் கடைசி மூன்று இடங்கள் ஓர் எண், இரண்டு எழுத்து. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் சி, ஐ, கே, எம், ஓ, வி ஆகிய ஆறும் அந்த இரண்டு இடங்களில் வராது. அவசரக் கையெழுத்தில் எண்ணாகவோ வேறு எழுத்தாகவோ மாறித் தெரியக்கூடியவை அவை. மிஞ்சுவது 20. பத்து எண், இருபது எழுத்து, மீண்டும் இருபது எழுத்து: மொத்தம் 4,000 சாத்தியம், அதாவது ஏறக்குறைய 12 பிட். ஆறு எழுத்துகளைத் துறந்ததால் குறியீட்டின் கொள்ளளவு குறைந்தது. கடிதம் தவறான வீட்டுக்குப் போகும் வாய்ப்பும் குறைந்தது. இரைச்சலை வெல்ல எப்போதும் இப்படி எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஓலைச்சுவடி எழுதியவர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். பல் என்று எழுதினாலும் பல என்று எழுதினாலும் ஓலையில் தெரிவது ஒன்றே. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் அன்று புள்ளிதான் வேறுபாடு காட்டியது. அதுவும் போகவே எரியும் ஏரியும் ஒன்றாயின, கொடுவும் கோடும் ஒன்றாயின. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடிலைப் பிரித்துக் காட்டும் வடிவங்களைக் கொண்டு வந்தார். அதுவரை, அதற்குப் பிறகும் பல காலம், சுவடி படித்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

ஓலையில் இல்லாததைத் தங்கள் நினைவிலிருந்து நிரப்பினார்கள். யாப்பு தெரியும், எதுகை எங்கே விழ வேண்டும் என்று தெரியும், நிரம்பி வழிவது ஏரியே, எரி அல்ல என்று தெரியும். செய்யுளின் இறுக்கமான இலக்கணம் பிழை திருத்தும் கருவியாக வேலை செய்தது. ஆங்கிலம் படிக்கும் ஒருவருக்கு அடுத்து வரும் எழுத்தைப் பற்றி உண்மையில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று 1951-இல் ஷானன் சோதித்துப் பார்த்தார். நீண்ட வாசகத்தில் எழுத்துக்குச் சராசரியாக ஒரு பிட் அளவே வந்தது. எல்லா எழுத்துக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால் நாலே முக்கால் பிட் வந்திருக்க வேண்டும். மீதி அனைத்தும் படிப்பவருக்கு முன்பே தெரிந்தது. தமிழின் 247 எழுத்துகளுக்குச் சம வாய்ப்புத் தந்தால் எழுத்துக்கு எட்டு பிட்டுக்குச் சற்றே குறைவாக வரும். ஆனால் 'ங்' வந்த பிறகு அடுத்து ககர வரிசையைத் தவிர வேறு எதை எதிர்பார்ப்போம்? அங்கேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது.

பேச்சிலும் இதே சமநிலை இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 17 மொழிகளை ஒப்பிட்டது. ஜப்பானியர் அசைகளை விரைந்து உதிர்க்கிறார்கள், ஒவ்வோர் அசையிலும் தகவல் குறைவு. வியட்நாமியர் மெல்லப் பேசுகிறார்கள், ஒவ்வோர் அசையும் கனமானது. கடைசியில் எல்லா மொழியும் நொடிக்குச் சுமார் 39 பிட் என்ற அளவைச் சுற்றியே நின்றன. அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. யாராவது சேர்க்க வேண்டும். இன்றைய இணைய இணைப்பு நொடிக்குக் கோடிக்கணக்கான பிட்டுகளைக் கொட்டும்போது, ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சொல்லும் வேகம் இவ்வளவுதான். அது குறை அல்ல. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த உலகம் அவ்வளவு பெரிதாக இருப்பதால் 39 பிட் போதுமானதாகிறது.

இல்ஃபோர்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியேறிய ஈழத் தமிழரின் தலைமுறைக்குத் தகவலின் இன்னொரு முகமும் தெரியும். 1981 ஜூன் முதல் நாளின் இரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு ஊரில் ஒரு படி இருந்த நூலை மீண்டும் தேடிப் பெறலாம். ஒரே படியாக இருந்த சுவடிக்கு அது கிடையாது. அதன் எழுத்துகள், கோடுகள், வேறுபாடுகள் அனைத்தும் ஒரே மாதிரியான சாம்பலாகிவிட்டன. சாம்பலில் எதுவும் எதிலிருந்தும் வேறுபடுவதில்லை. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் மின்வடிவாக்கி எவரும் படிக்கத் திறந்து வைத்திருப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே தன்னார்வலர் ஒருவர் மின்வருடியில் வைக்கும் ஒவ்வொரு பழைய மலரும், தீயை முந்திக்கொண்டு எடுக்கும் படி.

அழிப்பதற்கும் இயற்கை ஒரு விலை வைத்திருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ரால்ஃப் லாண்டவர் 1961-இல் இதைச் சொன்னார்: ஒரு பிட்டை அழித்தால் குறைந்தபட்சம் ஒரு சிறு அளவு வெப்பம் வெளிவந்தே தீரும். அறை வெப்பநிலையில் அது ஒரு ஜூலின் கோடி கோடியில் ஒரு பங்கை விடவும் மிக மிகச் சிறியது. 2012-இல் பிரான்சின் லியோன் நகரில், லேசர் ஒளியில் பிடித்து வைத்த ஒரு நுண்மணியைக் கொண்டு அதை அளந்தும் காட்டினார்கள். தகவல் என்பது மனத்தில் மட்டும் மிதக்கும் ஒன்று அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எங்கோ ஒரு பொருளில், ஒரு நிலை மற்றொரு நிலையிலிருந்து வேறுபட்டு நிற்கிறது. அதைத் தாங்கும் பொருள் உண்டு, அதற்கு ஆகும் செலவும் உண்டு.

ஆனால் படிப்பவர் இல்லாமல் அது எதையும் சொல்வதில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வைத்தார்கள். வானம் மூடிய நாள் போக மற்ற நாளெல்லாம் ஒரு படம், ஒரு நூற்றாண்டுக்கு மேல். எடுத்தவர்களுக்கு அன்றைய கேள்விகள் இருந்தன. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கே 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டார். பின்னர் பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் அந்தத் தகடுகளையும் பிலிம்களையும் மின்வடிவாக்கியது. ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு 4,096 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட். ஒரே படத்தில் 26 கோடி பிட்டுக்கு மேல்.

இன்று ஆய்வாளர்கள் கணினி நிரல் எழுதி அந்தப் படங்களில் கதிரவப் புள்ளிக் கூட்டங்களின் சாய்வுக் கோணத்தை அளக்கிறார்கள். அந்தச் சாய்வு சூரியனின் அடுத்த காந்தச் சுழற்சி எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதோடு தொடர்புடையது. செயற்கைக்கோள்களை இயக்குபவர்களுக்கும் மின்தொகுப்புகளைக் காப்பவர்களுக்கும் அது தேவைப்படுகிறது. கொடைக்கானல் மலையில் காலைக் குளிரில் தகட்டைச் செருகிய முதல் பணியாளர்களின் காலத்தில் செயற்கைக்கோளும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. கறுத்த மணிகள் மட்டும் தகட்டில் இருந்தன.